அண்ணாவின் முதுகில் நான்கு கோடுகள்

அண்ணாவின் உடம்பில் ஐந்து இடங்கள் இருந்தன. அவற்றுக்கு எண் போட்டவன் நான். ஒன்று வலது முழங்கை, இரண்டு இடது முழங்கை, மூன்று இடுப்புக்குச் சற்று மேலே முதுகு, நான்கு வலது முழங்கால், ஐந்து காதுக்குப் பின்னால் தலைமுடி தொடங்கும் இடம். அக்டோபர் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில் இதே வரிசையில் எழுதியிருக்கிறேன். நான்காவதை முதலில் இடது முழங்கால் என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது எனக்கு இடது என்பது அப்போது நினைவில் இல்லை. முதல் பக்கத்திலேயே ஒரு தவறு.

அண்ணாவின் பெயர் சேஷன். கரமனையில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சிறிய கிருஷ்ணன் கோவிலில் பதினான்கு வருடமாக மடப்பள்ளி அவர் பொறுப்பு. விடியற்காலையில் குளித்து, ஈர வேஷ்டியோடு அடுப்பு மூட்டுவார். மேலுடம்பில் துணி கூடாது. அதனால் அவருக்கு சோரியாசிஸ் வந்தபோது ஒளித்து வைக்க வழியே இல்லை. சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவருக்கு வந்திருந்தால் அந்த ஆபீசில் யாருக்கும் தெரிந்திருக்காது.

என் பெயர் ஹரிஷங்கர். பகலில் பழவங்காடியில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை, கடைக்கு இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு மாடியில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ வகுப்பு. எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நடந்தது போல இருக்கும். எழுதியதையும் மறுநாள் படித்துப் பார்த்து, இப்படித்தான் நடந்ததா என்று சந்தேகப்படுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் இரண்டாவது வாரம், பாயசத்துக்காக வரிசையில் நின்ற யாரோ ஒருவர் அண்ணாவின் முழங்கையை மொபைலில் படம் எடுத்துத் தெருவின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். முழங்கை மேல் வெள்ளைச் செதில். அதற்குக் கீழே பாயச உருளி. படத்துக்கு அடியில் ஒரே ஒரு கேள்விக்குறி. மறுநாளே கோவில் சமிதிச் செயலாளர் கிருஷ்ணகுமார் வீட்டுக்கு வந்தார்.

"சாமி விஷமிக்கண்ட," என்று ஆரம்பித்தார். வருத்தப்படாதே என்று அர்த்தம். அவர் அப்படி ஆரம்பித்தால் வருத்தப்படும்படி ஏதோ வரப்போகிறது என்றும் அர்த்தம். "எனக்கு ஒரு பிரஸ்னமும் இல்லை. பக்ஷே ஆளுகள் பேசறாங்க. நவம்பர் ஒன்பது, ஞாயிறு, சமிதி கூடும். அதுக்குள்ளே குறைஞ்சா மண்டலத்துக்கு சாமிதான். இல்லேன்னா பாலக்காட்டிலிருந்து ஒரு ஆளைச் சொல்லி வச்சிருக்கு."

மண்டல காலம் நாற்பத்தொரு நாள். கோவிலில் வருஷம் முழுக்க ஆகும் பாயசத்தில் பாதி அந்த நாட்களில்தான் ஆகும். அப்போது அடுப்பில் வேறு ஆள் நின்றால் பிறகு அந்த ஆள்தான். இதைக் கிருஷ்ணகுமார் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணா பத்தாவதோடு நிறுத்தியவர். வெல்லப்பாகு உருளியில் கொதிக்கும் சத்தத்தை வைத்தே பதம் சொல்வார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது என்று நான் எழுதினால் அது சரியா என்று தெரியவில்லை. வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

பெரியாஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். இது யாருக்கும் ஒட்டாது என்று கடிதமும் கொடுத்தார்கள். சொறியக் கூடாது, உரிக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த வாரம் எங்களுக்கு வகுப்பிலும் தோல்தான் பாடம். வகுப்பு மலையாளத்தில் நடக்கும். பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் ராகேல் டீச்சர், பின்வரிசையில் இருக்கும் பினுவும் நானும் தமிழ் என்பதால், முக்கியமான இடம் வந்தால் எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் ஒருமுறை சொல்வார்.

"தோலு ஒரு செவருண்ணு எழுதி வச்சிருப்பிய. அத அடிங்க," என்றார். "செவரு சும்மா நிக்கும். இது சும்மா நிக்காது. ஒரு கீறலு பட்டா, மேல இருக்க தோல் செல்லுதான் முதல்ல ஆளக் கூப்பிடுது. வந்த வெள்ளையணு என்ன செய்யும்? தோல் செல்லப் பாத்து, பெருகு பெருகுண்ணு சொல்லும். பெருகுன செல்லு இன்னும் ஆளக் கூப்பிடும். ஒரு மாசத்துல மேல வரவேண்டிய செல்லு நாலஞ்சு நாள்ல வந்து அடுக்கடுக்கா நிக்கும். அதான் செதிலு. சோரியாசிஸ்ல இதான் நடக்கு."

பினு கை தூக்கினான். "அப்ப தப்பு யாருக்க மேல டீச்சர்? தோலுக்க மேலயா, வெள்ளையணுக்க மேலயா?"

"ரெம்ப நாளு வெள்ளையணுவத்தான் திட்டிட்டிருந்தாவ. இப்பம் தோலையும் சேத்துத் திட்டுதாவ."

வகுப்பு சிரித்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அண்ணா தினமும் இஞ்ச போட்டுத் தேய்த்துக் குளிப்பார். மரப்பட்டையை அடித்து நாராக்கிய இஞ்ச. இந்த ஊரில் உடம்பு தேய்க்க அதுதான். செதிலோடு மடப்பள்ளிக்குள் போகக் கூடாது என்று, தோல் சிவந்து ரத்தப்பொட்டு தெரியும்வரை தேய்ப்பார். காய்ந்த இஞ்சையை மாற்றிப் புதிதாக எடுத்து வைப்பது அம்மா. பத்தொன்பதாம் தேதி காலை நான் அதைக் குளியலறையிலிருந்து எடுத்து வெளியே போட்டேன்.

"தேய்க்கத் தேய்க்கத்தாம்மா ஜாஸ்தியாறது."

"நாலு ஜெராக்ஸ் எடுத்துட்டா டாக்டராடா நீ? பொருக்கோடயா பகவானுக்குச் சமைக்கறது?" என்றாள் அம்மா.

"கிளாஸ்ல சொன்னா. தோல்ல காயம் பட்டா, தோல் செல்லே ஆளைக் கூப்பிடறதாம்."

"எந்த ஆளை?"

அண்ணா வேஷ்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "சமிதி ஆளை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இஞ்ச வெளியிலேயே கிடந்தது. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன்: 'முதல் முறையாக நான் படித்தது ஒருவருக்குப் பயன்பட்டது.'

பயன்படுகிறதா என்று பார்க்க அளவெடுக்க வேண்டும் என்று தோன்றியது. கடையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் மில்லிமீட்டர் கட்டம் அச்செடுத்தேன். காலைப் பூஜை முடிந்து அண்ணா வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதாகும். நான் கடைக்குக் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அவரை உட்கார வைத்து, ஒவ்வோர் இடத்தின் மேலும் தாளை வைத்து, நீளம் அகலம் எழுதிப் படம் எடுப்பேன். முழங்கைக்கும் முழங்காலுக்கும் அண்ணாவே தாளைப் பிடித்துக்கொள்வார். தலையில் ஸ்கேல் போதும். முதுகில் மட்டும் பிடிக்க ஆளில்லை. படம் எடுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் கடையில் பார்சல் ஒட்டும் அகல டேப்பைக் கொண்டுவந்து, தாளின் நான்கு ஓரத்தையும் முதுகோடு ஒட்டினேன். தினமும் அதே இடத்தில் ஒட்டினால்தான் அளவு சரியாக வரும். முதல் நாளே மூலைகளில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டேன். படம் எடுத்ததும் டேப்பை உரித்துவிடுவேன். முதுகில் பிடிக்கவில்லை என்றால் அழுத்தித் தேய்த்து மறுபடி ஒட்டுவேன். துலாமாதத்து மழையில் அவர் முதுகு எப்போதும் ஈரமாகவே இருந்தது. சில நாள் மூன்று நான்கு தடவைகூட ஒட்டி உரிக்க வேண்டியிருந்தது.

"அளவெடுத்து ஜாக்கெட் தைக்கப் போறயாடா?" என்று கேட்பார் அண்ணா. "முதுகுல எப்படி இருக்கு? எனக்குத் தெரியாதே."

"குறையறது அண்ணா."

பொய் இல்லை. குறைந்தது. பத்தாம் நாள் இடம் ஒன்றும் இரண்டும் பாதியாகிவிட்டன. நான்கில் செதிலே இல்லை. மூன்று, ஆறு சென்டிமீட்டரிலிருந்து நாலரைக்கு வந்திருந்தது. அண்ணா கண்ணாடிக்கு முன்னால் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வார். மண்டலத்துக்கு எத்தனை உருளி வேண்டும், பழைய கரண்டிகளில் எதற்குப் பிடி மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

அக்டோபர் முப்பது, பன்னிரண்டாம் நாள். தாளின் ஓரத்தில், நோய் இல்லாத தோலில், மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. நான் எழுதியது: 'டேப் அடையாளம். முக்கியமில்லை.' மறுநாள் அதே இரண்டு சொல்லைச் சுருக்கி 'டே.அ.' என்று எழுதினேன். அடுத்த ஐந்து நாளும் 'டே.அ.'தான். என் அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது. கட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே அளப்பது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

அண்ணா ஒருநாள் கேட்டார். "முதுகுல சுத்திச் சுத்தி அரிக்கறதேடா. நடுவுல இல்லே. சுத்தி."

"டேப்போட பசையா இருக்கும்," என்றேன். அன்றைக்கும் ஒட்டினேன்.

நவம்பர் ஆறு, வியாழக்கிழமை. ராகேல் டீச்சர் ஆராய்ச்சி முறைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"தோல் செல்லுக்குக் காயம் பட்டா என்ன செய்யும்ணு பாக்கணும். அதுக்குக் கத்தி எடுக்க மாட்டாவ. டேப்பு ஒட்டி உரிப்பாவ. ஒரே இடத்துல, பல தடவ. பாத்தா ஒண்ணும் தெரியாது, ரத்தம் வராது. ஆனா செல்லுக்கு அது காயம்தான், உடனே ஆளக் கூப்பிடும். சோரியாசிஸ் உள்ள ஆளுக்கு நல்ல தோலுல அப்பிடிச் செஞ்சா, பத்து பதினஞ்சு நாள்ல அங்கயும் நோயி வரலாம். கீறுன எடத்துல கீறுன மாதிரியே வரும். எல்லாருக்கும் வராது."

நான் கடைசி வரிவரை எழுதினேன். 'எல்லாருக்கும் வராது' என்பதற்கு அடியில் கோடு போட்டேன்.

"என்னலே சாமி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றான் பினு.

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லேன்னா எழுது. நான் உன்னப் பாத்துத்தான எழுதணும்."

அன்று காலை எடுத்த படத்தை பஸ்ஸில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு கோடு. நான்கு மூலை. ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பொடி. அது வெளிச்சமாக இருக்கலாம் என்று நினைத்தேன். டேப்பின் பசையாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். உறுதியாகத் தெரியாமல் சொல்வது தப்பு. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தைரியம் இல்லாதபோதெல்லாம் நான் இப்படித்தான் முறையாக நடந்துகொள்கிறேன். இதை இப்போது எழுத முடிகிறது. அன்று எழுதியது: 'மேலும் கவனிக்க வேண்டும்.'

வெள்ளிக்கிழமை காலை அண்ணா வழக்கம்போல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அளவெடுத்தது போறும் அண்ணா. முடிஞ்சாச்சு."

"ஏண்டா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் எடுக்கலாமே."

"போறும். கணக்கு சரியா வந்துடுத்து."

சனிக்கிழமை கோடுகளின் மேல் செதில் கட்டிவிட்டது. சந்தேகப்பட இனி ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கல், அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிறு மாலை கோவிலுக்குக் கிளம்பும்போது அண்ணாவிடம் சொன்னேன். "மேல்துண்டைப் போர்த்திக்கோ. மழைக் காத்தா இருக்கு."

"எனக்கென்னடா குளிர்?" என்றார். ஆனால் போர்த்திக்கொண்டார். நான் சொன்னால் கேட்பார். இஞ்ச விஷயத்தில் நான் சொன்னது பலித்ததிலிருந்து கேட்பார்.

சமிதி, சன்னிதிக்கு எதிரே இருக்கும் ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. தலைவர் நீலகண்டன் மாமா செக்ரட்டேரியட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். கிருஷ்ணகுமார் பக்கத்தில். இன்னும் நான்கு பேர். டாக்டர் கடிதத்தை மாமா இரண்டு தடவை படித்தார்.

"ஒட்டாதுன்னு எழுதியிருக்கா. ஷரி. கையைக் காட்டு."

அண்ணா காட்டினார்.

"மடக்கு. அந்தக் கை. முட்டி." மாமா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நன்னாக் கொறைஞ்சிருக்கே. என்ன பண்ணினே?"

"ஹரி சொன்னான், இஞ்ச போடக் கூடாதுன்னு. போடலை. களிம்பு மட்டுந்தான். தினம் அளவெடுத்து நோட்டுல எழுதியிருக்கான் மாமா."

"அளவா?" கிருஷ்ணகுமார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம சமிதி மினிட்ஸ் எழுத இவனை எடுக்கணுமல்லோ."

எல்லாரும் சிரித்தார்கள். நோட்டு என் பையில் இருந்தது. காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு நன்றியாக இருந்தது.

"அப்போ மண்டலத்துக்கு நீயே பாத்துக்கோ," என்றார் மாமா. "பாலக்காட்டு ஆளுக்கு இப்பவே வேண்டாம்னு சொல்லிடறேன்." மொபைலைக் கையில் எடுத்தார்.

அப்போது தீபாராதனைக்கு மணி அடித்தது.

எல்லாரும் எழுந்து சன்னிதி பக்கம் திரும்பினார்கள். எல்லாருக்கும் முன்னால் அண்ணா. பகவானுக்கு முன்னால் மேல்துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. இடுப்பில் கட்ட வேண்டும். அவர் யோசித்துச் செய்யவில்லை. பதினான்கு வருடமாக அந்த மணிக்கு அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது. துண்டை எடுத்தார், இடுப்பில் சுற்றினார், முடிச்சுப் போட்டார், கை கூப்பினார்.

அவர் முதுகு எங்கள் ஏழு பேருக்கும் நேரே இருந்தது. நடுவில் மங்கலாக இடம் மூன்று. அதைச் சுற்றி, சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலோடு, ஒரு சரியான சதுரம். கற்பூரம் அணைந்தது.

மாமா மொபைலை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"இது என்ன சேஷா?"

"எது மாமா?"

"முதுகுல."

அண்ணா கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல் ஒரு கோட்டைத் தொட்டது, அதோடு நகர்ந்து மூலைவரை போய் நின்றது.

"ஸ்கேல் வச்சு வரைஞ்ச போலே உண்டல்லோ," என்றார் கிருஷ்ணகுமார்.

"சூடு போட்டுண்டயா? எவனாவது மந்திரவாதிகிட்டப் போனயா?" என்றார் மாமா.

"இல்லே மாமா. முதுகு எனக்குத் தெரியாது."

"தெரியாதா? பின்னே எதுக்குப் போர்த்திண்டு வந்தே?"

அண்ணா என்னைப் பார்த்தார்.

என் மொபைலில் அந்த முதுகின் பத்தொன்பது படங்கள் இருந்தன. முதல் படத்தில் சுற்றிலும் சுத்தமான தோல். கோடு டேப் ஒட்டிய அதே இடத்தில். எடுத்துக் காட்டி ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: நான் ஒட்டின டேப், மாமா. வாக்கியம் வாயில் இருந்தது. அதற்கு முன்னால் இஞ்ச பற்றிச் சொல்ல வேண்டுமா, தோல் செல் பற்றிச் சொன்னால்தானே டேப் எப்படி நோயாகும் என்று புரியும், பிறகு ஏன் மறைக்கச் சொன்னாய் என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமா பேசிவிட்டார்.

"வியாதி யாருக்கும் வரும். மறைச்சயே, அதுதான் எனக்குத் தாங்கலை. கையைக் காட்டிண்டே நின்னயே, முதுகுல புதுசா வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னயா?" டாக்டர் கடிதத்தை மடித்து அண்ணாவிடம் நீட்டி, "பாலக்காட்டு ஆள் வரட்டும். நீ பாத்திரம் அலம்பற பக்கம் நின்னுக்கோ. ஷர்ட் போட்டுண்டு," என்றார்.

"சாமி விஷமிக்கண்ட," என்றார் கிருஷ்ணகுமார்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணா எனக்கு முன்னால் நடந்தார். வாசல் தாண்டியதும் நானே சொன்னேன். டேப், வியாழக்கிழமை வகுப்பு, எல்லாம். அம்மா உள்ளே குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

"போட்டோ இருக்கா?" என்றார் அண்ணா.

மொபைலைக் கொடுத்தேன். அவர் தன் முதுகை அப்போதுதான் பார்த்தார். முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். பன்னிரண்டாவது படத்தில் நிறுத்தினார்.

"இங்கேயே தெரியறதே."

"ஆமா."

"என்னிக்கு இது?"

"முப்பதாம் தேதி."

"அன்னிக்கு என்ன எழுதினே?"

நோட்டைத் திறந்தேன். எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். "டேப் அடையாளம். முக்கியமில்லை."

அவர் மீதி ஏழு படங்களையும் பார்த்துவிட்டு மொபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரம் உள்தேர்வு. சோரியாசிஸில் தோல் செல்களின் பங்கு என்ன என்பது பத்து மதிப்பெண் கேள்வி. ஒன்பது வந்தது. விடைத்தாளைக் கொடுக்கும்போது ராகேல் டீச்சர், "டேப்பு விஷயத்த நேருல பாத்தவன் மாதிரி எழுதியிருக்க," என்றார்.

மண்டலத்தின் முதல் நாள் திங்கட்கிழமை. தெரு முழுக்கப் பாயச வாசனை. வெல்லம் ஒரு பதம் கூடிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. காலையில் அண்ணா எங்கும் போகவில்லை. ஒன்பது மணி ஆனதும் எழுந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அது தண்ணீர் ஊற்றும் சத்தம் இல்லை. காய்ந்த நார் தோலில் ஏறி இறங்கும் சத்தம். முதுகுக்குக் கை எட்ட, நாரை நீளமாகப் பிரித்து இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறார் என்று புரிந்தது. அம்மா சமையலறையில் என்னைப் பார்க்காமல் நின்றாள். இஞ்சையை வெளியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தது அவளாக இருக்கலாம். கேட்கவில்லை.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். "அண்ணா, வேண்டாம்ணா. இன்னும் ஜாஸ்தியாகும்."

சத்தம் ஒரு நிமிடம் நின்றது.

"முக்கியமில்லேடா," என்றார் உள்ளேயிருந்து. மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.